புது டிஸ்க் மாட்டிய பிறகு பிரேக் உரசுகிறதா? வீட்டிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

முன் சக்கரத்து டிஸ்க், அதை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் பேட் எல்லாவற்றையும் வீட்டிலேயே மாற்றிவிட்டு வண்டியை வெளியே எடுக்கிறீர்கள், தெருமுனை வருவதற்குள் சக்கரத்துப் பக்கமிருந்து "ஸ்ஸ்க்... ஸ்ஸ்க்..." என்று ஓர் உரசல். உடனே சந்தேகம் பேட் மேல்தான் போகும்: மட்டமான சரக்கு, கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார், வேறு கம்பெனி வாங்கிப் போடணும். கொஞ்சம் பொறுங்கள். டிஸ்க் மாற்றிய கையோடு வரும் உரசலுக்குப் பெரும்பாலும் காரணம் மாட்டிய விதத்தில் இருக்கும். டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகரம் லேசாக வளைந்திருக்கும், டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் நடுப்பாகமான ஹப்பின் முகத்தில் துரு ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் பேட் கிளிப் சரியாக உட்கார்ந்திருக்காது. இதையெல்லாம் கண்டுபிடிக்கச் செலவு எதுவும் இல்லை. எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்தால் போதும், அந்த வரிசைதான் இந்தக் கட்டுரை.

நம் ஊரில் அதிகம் ஓடும் ஸ்விஃப்ட், ஐ10, டியாகோ மாதிரி வண்டிகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரில் ஒரே ஒரு பிஸ்டன், இரண்டு ஸ்லைடு பின்னில் காலிப்பர் இப்படியும் அப்படியும் நகரும் அமைப்பு. வேறு வண்டியாக இருந்தாலும் அடிப்படை இதேதான், நட்டு இறுக்கும் அளவுகளை மட்டும் உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேக் மிதித்தால் பெடல் தரைவரை இறங்குகிறது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, இரும்போடு இரும்பு அரைக்கும் கரகர சத்தம், சக்கரத்துப் பக்கம் தீய்ந்த வாடை, புகை, இதில் எது இருந்தாலும் வண்டியை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

எந்தச் சத்தம் சாதாரணம்

டிஸ்க் பிரேக்கில் பேட், டிஸ்க்கை விட்டு முழுதாக விலகுவதே கிடையாது. காலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றி சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. பெடலை மிதிக்கும்போது அது பிஸ்டனோடு சேர்ந்து லேசாக முறுக்கிக்கொள்ளும், காலை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் தன்னோடு கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும். அந்தக் "கொஞ்சம்" ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அதனால் ஜாக்கி போட்டுத் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் மெல்லிய "ஸ்ஸ்ஸ்" கேட்பது இயல்பு, சத்தம் ஒரே சீராக இருந்து சக்கரமும் சிரமமில்லாமல் சுற்றினால் அது கோளாறே இல்லை.

புது டிஸ்க்குக்கும் புது பேடுக்கும் இடையே முகம் பொருந்தக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அதுவரை பிரேக் மிதிக்கும்போது லேசான கரகரப்பு இருக்கும், வாடையும் வரலாம். மழை பெய்த மறுநாள் காலையிலோ, சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இரண்டு நாள் நிறுத்தி வைத்து எடுக்கும்போதோ, டிஸ்க் முகத்தில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு படிந்திருக்கும். நாலைந்து தடவை பிரேக் மிதித்ததும் அது தேய்ந்து போய்ச் சத்தமும் அடங்கிவிடும். இதற்காக யாரும் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம்.

பிரேக் மிதிக்காமலே சத்தம் வருகிறது, ஒரு சுற்றுக்கு ஒரு முறை தாளம் போட்ட மாதிரி வருகிறது, நாளாக நாளாகக் கூடுகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

ஆள் நடமாட்டமில்லாத, பக்கத்தில் காம்பவுண்டுச் சுவர் உள்ள தெரு கிடைத்தால் நல்லது, சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏசி, பாட்டு எல்லாம் நிறுத்திவிட்டு 15-20 கி.மீ. வேகத்தில் போய்க் கவனியுங்கள்.

சுற்றுக்கு ஒரு முறை "ஸ்ஸ்க்" என்று வந்து, வேகம் கூடினால் அடிக்கடி வந்தால், சுற்றும் பாகம் ஏதோ ஓரிடத்தில் மட்டும் தொடுகிறது. டிஸ்க் நேராக உட்காரவில்லை என்பதற்கான அடையாளம் இது. தொடர்ந்து தகரம் சீவுகிற மாதிரி "ஷ்ஷ்ஷ்" என்று வந்து பிரேக் மிதித்தாலும் மாறாமல் இருந்தால் பின் தகரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மெதுவாகப் போகும்போது கீச்சென்று மெல்லிய குரலில் கத்தி, பிரேக் மிதித்ததும் நின்றுபோனால் பேடில் இருக்கும் தேய்மானக் காட்டித் தகடு டிஸ்க்கில் பட்டுக்கொண்டிருக்கலாம், அல்லது கிளிப் இடம் மாறியிருக்கலாம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடிக்கும்போது மட்டும் உரசல் வந்தாலோ கூடினாலோ தகரமாகவோ வீல் பேரிங்காகவோ இருக்கும். வேகம் கூடக் கூட "ம்ம்ம்" என்று ஊளையிட்டு, வளைவில் சத்தம் கூடிக் குறைந்தால் அது பேரிங்தான், பிரேக்கைக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை.

இதோடு ஒரு சின்னச் சோதனை: சத்தம் வந்துகொண்டிருக்கும்போதே பெடலைப் பூப்போல லேசாகத் தொடுங்கள். சத்தம் மாறினால் பேட், காலிப்பர் பக்கம் தேடலாம். துளியும் மாறவில்லை என்றால் தகரம், பேரிங், சக்கரம் இவற்றின் பக்கம் போகலாம். தேட வேண்டிய இடம் இதிலேயே பாதியாகக் குறைந்துவிடும்.

வண்டியைத் தூக்குவது

சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் செங்கல்லோ கட்டையோ வைத்து அணை கொடுங்கள். முன் சக்கரம் சுற்ற வேண்டும் என்பதால் கியர் நியூட்ரலில் இருக்கும், அதனால் பின்னால் கொடுக்கும் அணைதான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டு, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஸ்டாண்டின் மேல் இறக்கி உட்கார வையுங்கள். வண்டியோடு வந்த கத்தரி ஜாக்கியை மட்டும் நம்பி கையையோ தலையையோ உள்ளே விடவே கூடாது. கழற்றிய சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள், எது சறுக்கினாலும் அது தாங்கும்.

பிரேக் தூசியை வாயால் ஊதுவதும், காற்றடிக்கும் பைப்பால் ஊதித் தள்ளுவதும் நுரையீரலுக்குக் கேடு. மாஸ்க் போட்டுக்கொண்டு பிரேக் கிளீனர் அடித்தோ ஈரத்துணியாலோ துடையுங்கள். சில பட்டறைகளில் பெட்ரோல் ஊற்றிக் கழுவுவார்கள். தீப்பிடிக்கும், ரப்பரும் கெடும், அந்தப் பழக்கம் வீட்டில் வேண்டாம்.

சக்கரத்தோடு ஒரு முறை, சக்கரம் இல்லாமல் ஒரு முறை

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே கையால் சுற்றிக் கேளுங்கள். அப்புறம் சக்கரத்தைக் கழற்றிவிட்டு டிஸ்க்கை மட்டும் சுற்றுங்கள். சக்கரம் இருந்தபோது வந்த சத்தம் இப்போது அடியோடு இல்லை என்றால், அலாய் வீலின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் பேலன்ஸ் வெயிட் காலிப்பரில் தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டியிருந்தால் காலிப்பரின் மேல் வளைவில் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருக்கும்.

இங்கே பலருக்கும் தெரியாமல் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க்கை ஹப்போடு இறுக்கிப் பிடிக்க எதுவும் இல்லை. சில வண்டிகளில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், பலவற்றில் அதுவும் கிடையாது. இந்த நிலையில் டிஸ்க்கைச் சுற்றினால் அது தொளதொளவென்று ஆடிப் பேடில் உரசத்தான் செய்யும், அதைப் பார்த்து டிஸ்க் கோணல் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதனால் வாஷர் போட்டு வீல் நட்டுகளையே மாட்டி, எல்லாவற்றையும் குறுக்கு வரிசையில் ஒரே அளவாக இறுக்குங்கள். போலோ மாதிரி நட்டுக்குப் பதில் போல்ட் வரும் வண்டியாக இருந்தால், போல்ட் முனை உள்ளே அதிகம் போய் எதிலும் இடிக்காத அளவுக்குத் தடித்த வாஷர் தேவைப்படும். இப்படி இறுக்கிய பிறகு சுற்றிக் கேட்பதுதான் உண்மையான சத்தம்.

பின் தகரம்

டிஸ்க்குக்குப் பின்னால் வட்டமாக மெல்லிய தகரம் ஒன்று இருக்கும். சேறும் தண்ணீரும் டிஸ்க்கில் தெறிக்காமல் தடுப்பதுதான் அதன் வேலை. பழைய டிஸ்க் துருப்பிடித்து ஹப்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தபோது சுத்தியலால் தட்டியிருப்பீர்கள், அப்போது ஒரு தட்டு தகரத்திலும் பட்டிருக்கும், அல்லது காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றும்போது முழங்கை அழுத்தியிருக்கும். 2 மி.மீ. வளைந்தாலே போதும், உரசும். பல ஜப்பானிய, கொரிய வண்டி டிஸ்க்குகளில் மரையுள்ள துளைகள் இரண்டு இருக்கும். அவற்றில் 8 மி.மீ. போல்ட் இரண்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிஸ்க் தானாகக் கழன்று வரும். அடுத்த முறை சுத்தியலை எடுக்கும் முன் இந்தத் துளைகளைத் தேடுங்கள், தகரமும் தப்பும், பேரிங்கும் தப்பும்.

உரசும் இடத்தைக் கண்டுபிடிக்க டார்ச் அடித்து, டிஸ்க்குக்கும் தகரத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சுற்றிலும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் தகரத்தின் உள்விளிம்பில் சாக்பீஸாலோ மார்க்கர் பேனாவாலோ நெடுகத் தடவிவிட்டு டிஸ்க்கைப் பத்துச் சுற்று சுற்றுங்கள். எங்கே மை அழிந்திருக்கிறதோ அங்கேதான் படுகிறது. சில சமயம் மையெல்லாம் அப்படியே இருக்க, டிஸ்க்கின் உள்முகத்தில் மட்டும் வட்டமாக ஒரு கீறல் கோடு தெரியும். அப்படியென்றால் நடுவில் ஜல்லி ஏதாவது சிக்கியிருக்கிறது. டிஸ்க்கைப் பின்னோக்கிச் சுற்றினாலே பல நேரம் அது கீழே விழுந்துவிடும்.

வளைந்த இடத்தைக் கையாலேயே நிமிர்த்தலாம். கை போகாத இடத்தில் தட்டையான பெரிய ஸ்க்ரூடிரைவரைத் தகரத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் விட்டு, டிஸ்க்கின் தேயும் முகத்தைக் கீறாமல் மெதுவாக நெம்புங்கள். சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி கிடைத்தால் போதும். நிமிர்த்திய பிறகு ஸ்டியரிங்கை முழுதாக இடமும் வலமும் ஒடித்து, இரண்டு நிலையிலும் மறுபடி சுற்றிப் பாருங்கள். தகரமே துருவேறி, பிடிக்கும் போல்ட் பக்கம் விட்டுப்போய் ஆடுகிறது என்றால் மாற்றுவதுதான் சரி. கழற்றி வீசிவிட்டு ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு, நம் மழைக்காலத்துச் சேற்றை நினைத்துப் பார்த்தால் நான் அதற்கு ஒப்ப மாட்டேன்.

ஹப் முகம், டிஸ்க்கின் ஆட்டம்

சுற்றுக்கு ஒரு முறை உரசல் என்றால் நேராக இங்கே வாருங்கள். வீட்டில் செய்யும் வேலையில் அதிகம் விட்டுப்போகும் இடம் இதுதான், பட்டறையில் அவசரத்தில் செய்யும்போது விட்டுப்போவதும் இதுவேதான்.

டிஸ்க் உட்காரும் ஹப் முகம் சுமார் 13-14 செ.மீ. அகலம், டிஸ்க் சுமார் 25 செ.மீ. அகலம். ஹப் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் 0.05 மி.மீ. கனத்துக்குத் துருப் பொருக்கு இருந்தால், அதாவது ஒரு தாளின் கனத்தில் பாதி, டிஸ்க்கின் வெளி விளிம்பில் அது 0.09 மி.மீ. ஆட்டமாக விரிந்துவிடும். பெரும்பாலான வண்டிகளுக்கு அனுமதிக்கப்பட்ட ஆட்டமே 0.05 முதல் 0.10 மி.மீ. வரைதான். ஆக, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பொருக்கு, புத்தம்புது டிஸ்க்கைக் கோணலாக்கிக் காட்டிவிடும். இப்படியே ஓட்டினால் உரசல் சத்தத்தோடு போகாது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடில் தேய்ந்து தேய்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் டிஸ்க்கின் கனம் இடத்துக்கு இடம் மாறிப்போகும். அப்புறம் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பெடல் அதிரும், ஸ்டியரிங் உதறும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. காலிப்பரைக் கழற்றி, கம்பியாலோ கயிற்றாலோ ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் காலிப்பரின் எடை விழக் கூடாது.
2. பிராக்கெட்டையும் கழற்றிவிட்டு, டிஸ்க்கைக் கழற்றும் முன் எந்தத் துளை எந்த ஸ்டட்டில் (வீல் நட்டு ஏறும் மரைக்கம்பியில்) இருந்தது என்று மார்க் செய்யுங்கள்.
3. ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, பின் 80 அல்லது 120 நம்பர் உப்புத்தாளால் பளிச்சென்று இரும்பு நிறம் வரும்வரை தேயுங்கள். ஒவ்வொரு ஸ்டட்டின் அடியைச் சுற்றியும் மோதிரம் மாதிரி துரு நிற்கும், பிரஷ் அங்கே போகாது. உப்புத்தாளைச் சின்னதாக மடித்து விரல் நுனியால் ஸ்டட்டைச் சுற்றித் திருகித் தேய்க்க வேண்டும். நடுவிலுள்ள குழாய்ப் பகுதியும் அப்படியே.
4. விரல் நகத்தை ஹப் முகத்தின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். எங்கேயும் தட்டக் கூடாது.
5. புது டிஸ்க்கின் உள்முகத்தையும் துடையுங்கள். கடையிலிருந்து வரும் டிஸ்க்கில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். அதை எல்லா முகத்திலிருந்தும் பிரேக் கிளீனரால் சுத்தமாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட் அந்த எண்ணெயைக் குடித்துக் கெட்டுப்போகும். ஹப் முகத்தில் கிரீஸ் அப்ப வேண்டாம்.

மறுபடி டிஸ்க்கை மாட்டி, முன்பு சொன்னபடி வாஷரும் நட்டும் போட்டு இறுக்கி ஆட்டத்தை அளந்து பாருங்கள். காந்த அடியுள்ள டயல் கேஜ் இருந்தால் முள்ளை டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்து, ஒரு முழுச் சுற்றில் முள் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். கேஜ் இல்லையா, பிராக்கெட்டை மட்டும் மாட்டி அதில் கெட்டியான கம்பி ஒன்றைக் கட்டி, அதன் நுனி டிஸ்க்கைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வளைத்து வையுங்கள். சுற்றும்போது ஓரிடத்தில் உரசி இன்னோரிடத்தில் இடைவெளி தெரிந்தால், அந்த இடைவெளியில் ஃபீலர் கேஜின் (கனம் பொறித்த மெல்லிய தகடுகளின் கொத்து) 0.10 மி.மீ. தகடு நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஆட்டம் அதிகம்.

அதிகமாக இருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் ஒரு ஸ்டட் நகர்த்தி மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். ஹப்பின் சிறு கோணலும் டிஸ்க்கின் சிறு கோணலும் ஒரு நிலையில் ஒன்றோடொன்று கூடும், இன்னொரு நிலையில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். நான்கு ஸ்டட் என்றால் நான்கு நிலை, எதில் குறைவோ அதில் வைத்துக்கொள்ளலாம். நான்கிலும் ஆட்டம் டிஸ்க்கின் அதே இடத்தோடு நகர்ந்தால் டிஸ்க் கோணல், கடையில் மாற்றிக் கேளுங்கள். ஹப்பின் அதே இடத்தில் நின்றால் ஹப்போ பேரிங்கோதான்.

பேட், கிளிப்

பழைய பேடையே புது டிஸ்க்கில் மாட்டியிருந்தால் உரசலும் கரகரப்பும் எதிர்பார்க்க வேண்டியதுதான். பழைய டிஸ்க்கின் வரிகளெல்லாம் அந்த பேடில் அச்சாகப் பதிந்திருக்கும், சமதளமான புது டிஸ்க்கில் அந்த மேடுகள் மட்டும் படும். காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதில்லை, பேடையும் சேர்த்தே மாற்றுங்கள். டிஸ்க்கைப் புதிதாக வாங்காமல் லேத்தில் கடைந்து வாங்கியிருந்தால் அதன் முகத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். கடைசல் தடம் சுருள் சுருளாகத் தெரிந்தால் பேட் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வெளியே நகர்ந்து, பட்டென்று திரும்பும். 120 அல்லது 150 நம்பர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி எல்லாத் திசையிலும் வட்டவட்டமாகத் தேய்த்து அந்தத் தடத்தை உடைத்தால் போதும். கடைந்த பிறகு மிஞ்சும் கனம், டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருக்கக் கூடாது.

பேடின் இரண்டு காதுகளும் பிராக்கெட்டின் கிளிப்புக்குள் விரலால் தள்ளினாலே வழுக்கிப் போக வேண்டும். போகவில்லை என்றால் இரண்டு காரணம். ஒன்று, புது பேடின் காதில் பெயின்ட் தடிப்பாக இருக்கும், மெல்லிய அரத்தால் அந்தப் பெயின்ட்டை மட்டும் சீவுங்கள். இன்னொன்று, கிளிப்புக்கு அடியில் பிராக்கெட்டில் துரு ஊதிப்போய்க் கிளிப்பை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். கிளிப்பைக் கழற்றி அடியை அரத்தால் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் புது கிளிப் போட்டும் பயனில்லை. பேட் இறுகினால் பிரேக் விட்ட பிறகும் டிஸ்க்கை விட்டு நகராது, சூடேறும், உரசும்.

கிளிப்பின் மெல்லிய நாக்கு டிஸ்க் பக்கம் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், நகம் அளவு தகடுதான், ஆனால் டிஸ்க்கில் பட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். தேய்மானக் காட்டித் தகடு உள்ள பேட் பெரும்பாலும் பிஸ்டன் பக்கம் வரும். அது எந்தப் பக்கம், மேலே வருமா கீழே வருமா என்பதெல்லாம் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், ஒரு சக்கரத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு இன்னொன்றை அதைப் பார்த்து மாட்டுவது நல்லது. இடமும் வலமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஸ்லைடு பின்

காலிப்பர் தொங்கும் இரண்டு பின்னும் ஒரே மாதிரி தெரியும், பல வண்டிகளில் ஒரே மாதிரி இல்லை. ஒன்றின் நுனியில் ரப்பர் உறை இருக்கும் அல்லது ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். அதை மேலும் கீழும் மாற்றிப் போட்டால் காலிப்பர் நகரச் சிரமப்படும். அப்போது உட்பக்க பேட் ஒரு மாதிரியும் வெளிப்பக்க பேட் வேறு மாதிரியும் தேயும்.

இரண்டு பின்னையும் உருவித் துடைத்து, பழைய கிரீஸை முழுதாக எடுத்துவிட்டு, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். வீட்டில் இருக்கிற சாதாரண கிரீஸைத் தடவவே கூடாது, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் ஊதிப்போகும், இன்றைக்கு வழுக்கும் பின் சில மாதத்தில் இறுகும். கிரீஸை அடைத்து நிரப்பினாலும் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு பின்னை வெளியே தள்ளும். பின்னில் துருப் பள்ளம் இருந்தால் மாற்றிவிடுங்கள், ரப்பர் தொப்பி கிழிந்திருந்தால் அதையும்தான். சரியாக இருக்கும் பின்னை இரண்டு விரலால் தள்ளி இழுத்தால் எங்கேயும் சிக்காமல் வழுக்கி நகரும்.

பிஸ்டன், ஹோஸ்

இதுவரை எல்லாம் சரி, ஆனால் பிரேக் மிதித்து விட்ட பிறகு சக்கரம் இறுகியே இருக்கிறது என்றால் காலிப்பருக்குள் பிரச்சினை. ஒருவரைப் பெடலை மிதித்து விடச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் காலிப்பரில் ஏர் எடுக்கும் (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) நிப்பிளில் ஒரு டியூப் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். திறந்ததும் கொஞ்சம் ஆயில் பீச்சி, சக்கரம் லேசாகிவிட்டால் ஆயில் திரும்பிப் போக வழியில்லை, பெரும்பாலும் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கும். திறந்தும் இறுக்கமாகவே இருந்தால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ பிடித்திருக்கிறது.

பழைய பேடைக் குறுக்கே வைத்து சி கிளாம்ப்பால் அழுத்தினால் பிஸ்டன் சீராக உள்ளே போக வேண்டும். முக்கி முக்கிப் போனால் தூசி உறை கிழிந்து தண்ணீர் புகுந்து பிஸ்டன் துருவேறியிருக்கலாம். சீல் கிட் போட்டு, ஏர் எடுத்து முடிப்பது அனுபவமில்லாதவர்கள் தனியாகச் செய்கிற வேலை இல்லை, நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். பிஸ்டனைத் தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். பெயின்ட்டில் வழிந்தால் பெயின்ட் உரியும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இன்னும் ஒன்று, அரிதானது ஆனால் நடப்பது. ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம், பெட்ரோல், டீசல் என்று டிஸ்க் அளவு மாறும். பழைய டிஸ்க்கையும் புதியதையும் அருகருகே வைத்து விட்டம், உயரம், நடுத்துளை மூன்றையும் ஒப்பிடுங்கள். டிஸ்க்கின் விளிம்பு பிராக்கெட்டின் உள்வளைவில் இழைத்திருந்தால் எதை நிமிர்த்தியும் தீராது, டிஸ்க்கே தப்பு.

திரும்ப மாட்டுவது

பிராக்கெட் போல்ட், ஸ்லைடு பின் போல்ட், வீல் நட்டு மூன்றுக்கும் கையேட்டில் தனித்தனி அளவு இருக்கும், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டும். சின்ன கார்களில் வீல் நட்டு பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். குறுக்கு வரிசையில், முதலில் பாதி அளவு, பின் முழு அளவு. ஒரு பக்கமாகவே வரிசையாக இறுக்கிக்கொண்டு போனாலோ, பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கினாலோ, நீங்கள் பாடுபட்டு நேராக்கிய டிஸ்க் மறுபடி கோணலாக உட்காரும்.

எஞ்சினைப் போடும் முன்பே பெடலை, கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளிக்கிடக்கும், முதல் மிதியில் பிரேக் இருக்காது. இதைச் செய்யாமல் வண்டியை நகர்த்தவே கூடாது.

பழக்கி எடுப்பது

விடிகாலையில் வண்டி இல்லாத பைபாஸ் சர்வீஸ் ரோடு மாதிரி இடம் பாருங்கள், கண்ணாடியில் பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாகப் பிரேக் பிடித்துக் குறைத்து, நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, அரை நிமிட இடைவெளியில் எட்டுப் பத்துத் தடவை செய்யுங்கள். பேடின் மெல்லிய படலம் டிஸ்க் முழுக்க ஒரே சீராகப் படிவதற்குத்தான் இது. முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டே நின்றால் பேடின் அச்சு டிஸ்க்கில் ஓரிடத்தில் மட்டும் பதிந்துவிடும். அடுத்த 200-300 கி.மீ. வரை, அவசரம் தவிர, திடீர் பிரேக் வேண்டாம்.

ஆறிய பின் இன்னும் சில கிலோமீட்டர் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி வந்து, நிறுத்தியதும் இரண்டு முன் சக்கரத்தின் பக்கமும் கையை நீட்டி வெப்பத்தை ஒப்பிடுங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். தூரத்திலிருந்து வெப்பம் காட்டும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. இடப்பக்கம் 60 டிகிரி, வலப்பக்கம் 120 டிகிரி என்று காட்டினால் வலப்பக்கம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஸ்லைடு பின்னுக்கும் பிஸ்டனுக்கும் திரும்பப் போங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து, மெல்லிய "ஸ்ஸ்ஸ்" மட்டும் மிஞ்சியிருந்தால் ஓட ஓட அது அடங்கிவிடும்.

50-100 கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டை அதே அளவுக்கு மறுபடி ஒரு முறை பாருங்கள். அப்போதே அலாய் கம்பிகளின் இடைவெளி வழியாக டார்ச் அடித்து டிஸ்க் முகத்தையும் பார்த்துவிடலாம்: பேட் படும் அகலம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் வேலை முடிந்தது. ஒரு பக்கம் பளபளப்பும் இன்னொரு பக்கம் கடைசல் வரி அப்படியேயும் இருந்தால் ஹப் முகத்தில் இன்னும் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, டிஸ்க்கை இன்னொரு முறை கழற்றி ஸ்டட்டின் அடியைப் பாருங்கள்.